ஆய்வேட்டு அத்தியாயத்தை மாநாட்டுக் கட்டுரையாக்குவது எப்படி?

கேள்வி: குடியாத்தம், ஆம்பூர், ஆரணி ஊர்ப் பேச்சைப் பதிவுசெய்து, 4,000 வாக்கியங்களுக்குச் சொல்வகை (பெயர், வினை போன்றவை) குறித்துள்ளேன். இதில் ஒரு டேக்கரும் (சொல்வகையைத் தானாகக் குறிக்கும் நிரல்) பயிற்றினேன். 60 பக்க அத்தியாயத்தை ஏசிஎல் (ACL) என்ற கணினி மொழியியல் மாநாட்டுக்காக எப்படிச் சுருக்குவது?
– ஆய்வு மாணவி, வேலூர்

சுருக்காதீர்கள், புதிதாக எழுதுங்கள். ஆய்வேட்டில் செய்ததையெல்லாம் சொல்லலாம். மாநாட்டுக் கட்டுரை ஒரு கூற்றை நிறுவினால் போதும். ‘எழுத்துத் தமிழில் பயின்ற டேக்கர் “வந்துகினு கீறான்” (வந்துகொண்டிருக்கிறான்) போன்ற வினைகளில் தவறுகிறது, கொஞ்சம் வட்டாரத் தரவு சேர்த்தால் திருந்துகிறது’ என்று உங்கள் எண்கள் காட்டினால், அதுவே கூற்று. அதைக் காட்டும் அட்டவணையை முதலில் போடுங்கள். அதற்கு உதவாத பத்தி எவ்வளவு உழைத்து எழுதியதானாலும் வெளியே போகட்டும்.

நீள் கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4. மேற்கோள் பட்டியல் இதில் சேராது. அறிமுகத்துக்கு ஒரு பக்கம், முன்னாய்வுகளுக்கு முக்கால் பக்கம் போதும்.

உங்கள் பலம் தரவுதான். அதற்கு இரண்டு பக்கமாவது கொடுங்கள். எத்தனை பேர் பேசினார்கள், என்ன வயது, எந்த ஊர், ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்பதெல்லாம் வேண்டும். ‘கினு’வைத் தனிச்சொல்லாகப் பிரித்தீர்களா, சேர்த்தே வைத்தீர்களா? இதைச் சொல்லாவிட்டால் உங்கள் எண்களை யாராலும் ஒப்பிட முடியாது. ஒரு பகுதியையாவது இருவர் தனித்தனியே குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கோஹன் கப்பா மதிப்பைத் தர வேண்டும்.

பலர் சறுக்குவது தரவைப் பிரிப்பதில். வாக்கியங்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆளின் பேச்சு பயிற்சியிலும் சோதனையிலும் வந்துவிடும், மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஆரணியை முழுதாக ஒதுக்கி, இரண்டாவது சோதனையாக வைத்தால் இன்னும் நல்லது. பயிற்சியை ஐந்து தொடக்க விதைகளில் (பயிற்சியின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் எண்கள்) ஓட்டி, சராசரியும் திட்டவிலக்கமும் கொடுங்கள்.

பிழை ஆய்வை ஒரு பத்தியில் முடித்துவிடாதீர்கள். நூறு பிழைகளைக் கையால் படித்து வகைபிரியுங்கள்: துணைவினை, உருது தெலுங்குக் கடன்சொல், ஒலிபெயர்ப்புக் குழப்பம். எடுத்துக்காட்டுகளுக்கு ரோமன் எழுத்துவடிவமும் சொல்லுக்குச் சொல் பொருளும் தேவை. மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிவிட முடியாது. தமிழ் எழுத்து உடையாமலிருக்க லுவாலேடெக் (LuaLaTeX) என்ற ஆவண மென்பொருளில் தொகுங்கள்.

முடிவுரைக்குப் பின் ‘வரம்புகள்’ பகுதி கட்டாயம். பக்கக் கணக்கில் வராது, ஆனால் விட்டால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயர், கல்லூரி, நன்றியுரை, உங்கள் பெயருள்ள கிட்ஹப் (நிரல் பகிரும் தளம்) இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஊர்ப்பெயர்கள் இருக்கலாம். சுருக்கவுரையைக் கடைசியில், 200 சொற்களுக்குள் எழுதுங்கள்.