வாசகர் கேள்வி பதில்: கனடாவில் குடியேறலாமா?

கேள்வி: நான் அரசாங்க வைத்தியசாலைத் தாதி, கணவர் ஆசிரியர். பிள்ளைகளோடு கனடாவில் குடியேறலாம் என்கிறார் அவர். தோட்டத்து லயனில் இருக்கும் அம்மாவை விட்டுச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.
– வாசகி, ஹட்டன்

பதில்: சகோதரி, பிள்ளைகளின் படிப்பை எண்ணிக் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாதியருக்கும் ஆசிரியருக்கும் அங்கே மாகாணந்தோறும் தனித்தனியே தொழில் அனுமதி பெறவேண்டியிருப்பதால், சான்றிதழ் மதிப்பீடு, மொழித் தேர்ச்சி, பதிவு என்று நீளும் மாதங்களில் வீட்டு வாடகையை எந்தப் பணத்தில் கட்டுவது என்பதை இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அம்மாவின் காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடைமழை இரவில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அவரைக் கைபிடித்து லயனிலிருந்து அழைத்துப்போக யார் இருக்கிறார்கள்? பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் இடங்கள் குறைவு. பெற்றோர் பிள்ளைகளிடம் வந்து நீண்டநாள் தங்குவதற்கான சுப்பர் விசாவில் ஒரு முறைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்றாலும், அதற்கு உங்கள் வருமானமும் அவருக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தோட்ட மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்த வேதனையை மலையகம் அறியும்; அன்று நம்மவரைக் கேட்காமலே தீர்மானித்தார்கள், இன்று தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது.

அரச வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். வெளிநாடு செல்லும் அரச ஊழியருக்கு 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை வழங்க 2022இல் இடமளிக்கப்பட்டது. இப்போதைய நடைமுறையை உங்கள் நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் மதிப்பீட்டை இங்கிருந்தே தொடங்குங்கள். அதன் முடிவு வரும்வரை நகையையோ காணியையோ விற்க வேண்டாம்.