பூஞ்சைகளின் பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? புதிதாக ஒன்று கிடைத்தால், அது புதைபடிவமாகவே இருந்தாலும், நாமே பெயர் வைக்கலாமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் தாவரவியலோ நுண்ணுயிரியலோ முதுகலை இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், இணையத்தில் இன்னொன்று, கைடு வாயில் மூன்றாவது. வைவா (வாய்மொழித் தேர்வு) வேறு நெருங்குகிறது. ஊர் மதுரை என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். இந்தத் தலைவலி முழுவதும் உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

மதுரா கால் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் குத்தும். நாள்பட அந்தக் கால் வீங்கிப் புரையோடி, புண் வாய்களிலிருந்து ரவை மாதிரி குருணைகள் வெளியே வரும். 1842-ல் கில் என்ற மருத்துவர் மதுரையில் பார்த்து எழுதினார். 1860-ல் கார்ட்டர் இதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டார், பூஞ்சைக் கட்டி என்று பொருள். அப்புறம் குருணைக்குள் இருக்கும் உயிருக்குப் பெயர் வைக்கும் வேலை தொடங்கியது. 1894-ல் வின்சென்ட் ஒன்றுக்கு ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மதுரே என்று வைத்தார். 1902-ல் லாவெரான் கறுப்புக் குருணையில் இருந்த இன்னொன்றுக்கு ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மைசிட்டோமேட்டிஸ் என்று வைத்தார். இரண்டும் இழை இழையாக வளர்பவை, அதனால் ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார்கள்.

இன்று முதலாவது ஆக்டினோமதுரா மதுரே. அது பாக்டீரியா. இரண்டாவது மதுரெல்லா மைசிட்டோமேட்டிஸ், அசல் பூஞ்சை. முதலாவதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும். இரண்டாவதற்கு மாதக்கணக்கில் பூஞ்சைக்கொல்லி மாத்திரை, பல நேரம் கத்தியும் வைக்க வேண்டியிருக்கும். ‘பெயர் மாற்றுவது பேராசிரியர்கள் பொழுதுபோக்கு’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஸ்லைடில் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. குருணையை வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் போட்டு நசுக்குங்கள். இழையின் தடிமன் 1 மைக்ரானோ அதற்கும் குறைவோ என்றால் பாக்டீரியா பக்கம். 2 முதல் 5 மைக்ரான் இருந்து குறுக்குச் சுவரும் தெரிந்தால் பூஞ்சை. (யாரும் இதை வைத்து வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். வகைப்பாட்டை மட்டும்தான் பேசுகிறேன்.)

இங்கே மாறியது எது, மாறாதது எது என்று பாருங்கள். பேரினம் மாறியது. ‘மதுரே’, ‘மைசிட்டோமேட்டிஸ்’ என்ற பின்சொற்கள் அப்படியே கூட வந்தன. புதிய பெயருக்குப் பின்னால் முதலில் வைத்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும், இடம் மாற்றியவர் பெயர் வெளியிலும் வரும். மதுரெல்லாவில் லாவெரான் உள்ளே, 1905-ல் மாற்றிய புரும்ப்ட் வெளியே. அடைப்புக்குறியைப் பார்த்தாலே இது வீடு மாறி வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே மதுரெல்லாவில் கிரிசியா என்று இன்னொரு சிற்றினம் இருந்தது. அதுவும் கறுப்புக் குருணை, அதுவும் கல்ச்சரில் (ஆய்வக வளர்ப்பில்) வித்து விடாது. இந்த இரண்டு அடையாளத்தை நம்பி ஒன்றாக வைத்திருந்தார்கள். டிஎன்ஏ பார்த்தபோது மைசிட்டோமேட்டிஸ் சார்டேரியேல்ஸ் துறையிலும் கிரிசியா பிளியோஸ்போரேல்ஸ் துறையிலும் போய் விழுந்தன. அந்த இரண்டும் வெவ்வேறு வகுப்பு. கிரிசியா இப்போது ட்ரெமட்டோஸ்ஃபேரியா கிரிசியா.

பெயர் மாற இன்னொரு காரணம் இரட்டைப் பெயர். பால்வழி வித்து விடும் நிலைக்கு ஒரு பெயர், பாலிலி நிலைக்கு ஒரு பெயர் என்று ஒரே பூஞ்சைக்கு இரண்டு வைத்துக்கொள்ளப் பெயரிடலுக்கான சர்வதேச விதி முன்பு இடம் கொடுத்தது. 2011-ல் மெல்போர்ன் மாநாட்டில் அதை நிறுத்தினார்கள். நெல் குலைநோய்ப் பூஞ்சைக்கு மேக்னபோர்த்தே, பைரிகுலேரியா என்று இரண்டு இருந்தன, பைரிகுலேரியாவை வைத்துக்கொள்வது என்று பரிந்துரையானது. யூரோஷியம், எமெரிசெல்லா எல்லாம் ஆஸ்பெர்ஜில்லஸுக்குள் அடங்கின. பழைய புத்தகத்தில் இருப்பது தப்பு இல்லை, அந்தக் காலத்து விதிப்படி சரிதான்.

குழுக்களைப் பெயரின் வாலைப் பார்த்தே படிக்கலாம். மைக்கோட்டா என்று முடிந்தால் பிரிவு, மைசீட்ஸ் என்றால் வகுப்பு, ஏல்ஸ் துறை, ஏசியே குடும்பம். ஆஸ்கோமைக்கோட்டா, பேசிடியோமைக்கோட்டா இரண்டும் உறுதியாக நிற்கின்றன. சைகோமைக்கோட்டா என்று நாம் மனப்பாடம் செய்த பிரிவு மியூக்கரோமைக்கோட்டா, சூபேகோமைக்கோட்டா என்று 2016-ல் உடைந்தது. டியூட்டெரோமைக்கோட்டா என்பது பால்நிலை தெரியாதவற்றைப் போட்டுவைத்த கிடங்கு, இப்போது காலி. ஊமைசீட்ஸ் பூஞ்சையே இல்லை, அதன் செல்சுவரில் முக்கியமாக இருப்பது செல்லுலோஸ், அசல் பூஞ்சைச் சுவரில் இருக்கும் கைட்டின் அல்ல.

இது பரீட்சைக்கான விஷயம் மட்டும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைத் தோட்டத்தில் கேளுங்கள். சாம்பல் நோய் என்பார்கள், அடிச்சாம்பல் நோய் என்பார்கள். தமிழில் இரண்டும் சாம்பல். ஆனால் இலையின் மேலே மாவு தூவியது போல இருப்பது எரிசைஃபே, ஆஸ்கோமைக்கோட்டா. கந்தகம் கேட்கும், ட்ரையசோல் மருந்தும் கேட்கும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு கட்டுவது பிளாஸ்மோபாரா, ஊமைசீட்ஸ். அசல் பூஞ்சையின் செல்சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பை அது தயாரிப்பதே இல்லை. எர்கோஸ்டீரால் தயாரிப்பைத் தடுக்கும் ட்ரையசோலை அதன்மேல் அடிப்பது காசைக் கரைப்பது. அதற்கு மெட்டலாக்சில் மாதிரி வேறு வகை வேண்டும். கடையில் ‘சாம்பலுக்கு மருந்து கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வைக்கலாம். பட்டம் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. மாதிரி வேண்டும். பெயர் தொங்குவது ஆணியில், அந்த ஆணிதான் டைப் மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாத்துவைத்த மாதிரி. உங்கள் வருணனை தப்பாக இருக்கலாம், வரைபடம் கோணலாக இருக்கலாம், மாதிரி உறையில் இருந்தால் நூறு வருடம் கழித்தும் ஒருவர் திறந்து பார்த்துத் திருத்துவார்.

காளான் என்றால் பறிப்பதற்கு முன் இருந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், அடிப்பகுதியையும் சேர்த்து. மண்ணுக்குள் உறை இருக்கிறதா என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும், மேலே பிடுங்கினால் அது மண்ணிலேயே தங்கிவிடும். எந்த மரம், மண்ணா, சாணமா, கறையான் புற்றா என்று அப்போதே எழுதுங்கள். பாலிதீன் பையில் போடாதீர்கள், மதுரை வெயிலில் வீட்டுக்கு வருவதற்குள் வெந்துவிடும். மெழுகுத்தாள் அல்லது நாளிதழ் போதும். அழகர்மலை மாதிரி காப்புக்காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி முதலில்.

அடுத்தது வித்துப்பதிவு, பலரும் இதைத்தான் தாண்டிப்போகிறார்கள். தண்டை வெட்டிவிட்டு, குடையைப் பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் அடியில் உள்ள தகடுகள் கீழே படும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். மழை விட்ட மறுநாள் கல்லூரிப் புல்வெளியில் வரும் பெரிய வெள்ளைக் குடை இருக்கிறதே, நடுவில் பழுப்புச் செதிலோடு. பார்க்கச் சாப்பிடுகிற காளான் மாதிரியே இருக்கும், அடித்தகடுகளும் இளசில் வெள்ளைதான். காலையில் கிண்ணத்தைத் தூக்கினால் தாளில் மங்கிய பச்சை. அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும். போனில் படம் எடுத்துப் பெயர் சொல்லும் செயலிக்கு இந்தப் பச்சை தெரியாது.

உலர்த்துவது 40 முதல் 45 டிகிரியில், அப்பளம் போல முறியும் வரை. சூடு ஏறினால் திசு வெந்து டிஎன்ஏ கெடும். உலர்த்தும் முன்னரே நகக்கண் அளவு துண்டு ஒன்றைச் சிலிக்கா ஜெல்லில் தனியாகப் போடுங்கள். நுண்ணோக்கியில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவு பொறித்த ஸ்லைடை) வைத்துக் கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோலை ஒவ்வொரு லென்ஸுக்கும் அளவுதிருத்தம் செய்தபிறகே அளக்க வேண்டும். குறைந்தது 20 வித்துகள், பக்கவாட்டில் கிடப்பவை மட்டும், காம்பு ஒட்டியிருந்த முனையை விட்டுவிட்டு.

பெரிய காளான் கிடைக்காவிட்டால் இலையில் கரும்புள்ளி பாருங்கள். மெலியோலா, ஆஸ்டெரினா வகைகள் இலைத்தோலின் மேலேயே படரும். நிறமில்லாத நெயில் பாலிஷை அந்தப் புள்ளியில் மெல்லப் பூசி, அரை மணி நேரம் காயவிட்டு, பிளேடு நுனியால் உரித்தால் பூஞ்சை முழுதாக அந்தப் படலத்தோடு வரும். டிபிஎக்ஸ் என்ற பிசினில் ஸ்லைடாக மவுன்ட் செய்யலாம். சுரண்டி எடுத்தால் இழையும் வித்து சுமக்கும் காயும் பிரிந்து எது எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் போகும்.

டிஎன்ஏவுக்கு ஐடிஎஸ் பகுதி, ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே இருக்கும் துண்டு. 2012-ல் அதைப் பூஞ்சைகளின் பொது பார்கோடாக ஏற்றார்கள். ‘பிளாஸ்ட் (டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) போட்டேன், 99 சதவீதம் வந்தது, ஆகவே இதுதான்’ என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். தரவுத்தளத்தில் யாரோ தப்புப் பெயரில் போட்டுவைத்த வரிசையோடுகூட 99 சதவீதம் பொருந்தும். டைப் மாதிரியிலிருந்து வந்த வரிசையா என்று பாருங்கள். ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், கொலெட்டோட்ரைக்கம் ஆகியவற்றில் ஐடிஎஸ் மட்டும் போதவே போதாது.

அச்சில் ஏறும்போது விதி கறாரானது. வருணனை ஆங்கிலத்திலோ லத்தீனிலோ இருக்க வேண்டும். தமிழில் எவ்வளவு அழகாக எழுதினாலும் பெயர் செல்லாது (ஊர்ப்பெயரை லத்தீன் வடிவில் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை). டைப் எந்த உலர்மாதிரியகத்தில் இருக்கிறது என்று பெயர் சொல்ல வேண்டும். உயிரோடு வளர்கிற கல்ச்சர் டைப் ஆகாது, உலர்த்தியோ உறையவைத்தோ செயலற்ற நிலையில் இருக்க வேண்டும். 2013 ஜனவரி 1-லிருந்து மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் மாதிரியான பதிவகத்தில் எண் வாங்கிக் கட்டுரையில் போடாத பெயர் செல்லாது. புதைபடிவப் பூஞ்சைக்கும் இதே விதி. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

புதைபடிவத்துக்கு வருவோம். யானைமலையில் தேடாதீர்கள். அது ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை, அதில் பூஞ்சை மிஞ்சாது. சிவகங்கைப் பக்கம் கோண்ட்வானா படிவுகளில் இலைகள் கிடைக்கும், ஆனால் வெறும் அச்சாக இல்லாமல் இலைத்தோல் மிஞ்சியிருந்தால்தான் நமக்கு வேலை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நல்ல இடம், தட்டுப் போன்ற மைக்ரோதைரியம் வகைக் காய்கள் அதிலிருந்து வருணிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே டிஎன்ஏ இல்லை, பால்நிலை இல்லை, பல நேரம் வித்து மட்டும்தான். அதனால் வடிவத்தை வைத்துப் பெட்டி போடுகிறார்கள். ஒரு செல், துளை இல்லை என்றால் இன்அபெர்டிஸ்போரைட்டிஸ். ஒரு செல், ஒரு துளை என்றால் மோனோபோரிஸ்போரைட்டிஸ். இரண்டு செல், துளை இல்லை என்றால் டைசெல்லேஸ்போரைட்டிஸ். மூன்றோ மேலோ செல் இருந்து இரு முனையிலும் துளை என்றால் டைபோரிசெல்லேஸ்போரைட்டிஸ். ஒரே பெட்டிக்குள் இருப்பவை உறவு என்று அர்த்தம் இல்லை. ‘அப்படியானால் இது அறிவியலா’ என்று ஒருவர் வருவார். அடுக்குகளை ஒப்பிட இந்தப் பெட்டிகள் போதும், உறவு நிரூபணமாகும் வரை இன்றைய பேரினப் பெயரை ஒட்டாமல் இருப்பதுதான் நேர்மை. ஸ்காட்லாந்து ரைனியில் 40.7 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்த பேலியோபைரினோமைசிட்டிஸ் டெவோனிக்கஸை ஆஸ்கோமைக்கோட்டாவுக்குள் எந்தக் கிளையில் வைப்பது என்பதை மாற்றினால், மொத்தப் பூஞ்சை மரத்தின் வயதுக் கணக்கே நகர்கிறது.

தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். பாறையின் மேல்புறத்தில் போன மழையில் வளர்ந்த இழையைப் புதைபடிவம் என்று எண்ணுவது. மேலே சீவிவிட்டு உள்ளிருந்து எடுங்கள், கூடவே மாதிரி போடாத வெற்று ஸ்லைடு ஒன்றும் செய்யுங்கள். இரண்டாவது, உடைந்த வித்தின் ஓட்டையைத் துளை என்று எண்ணி வேறு பெட்டியில் போடுவது. அசல் துளைக்கு விளிம்பு சீராக இருக்கும். மூன்றாவது, நைட்ரிக் அமிலத்தில் அதிக நேரம் ஊறவிட்டு மெல்லிய இழைகளைக் கரைத்துவிடுவது. சிலிக்கா நிறைந்த பாறைக்கு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தேவைப்படும். அமிலம் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும், ஆவியை வெளியே இழுக்கும் ஒழுங்கான ஃப்யூம் ஹூடும் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிப்பிக்காளான் விதைப் பையில் ‘புளூரோட்டஸ் ஃப்ளோரிடா’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்தப் பெயர் விதிப்படி வெளியிடப்பட்டதே இல்லை. ‘சஜோர்-காஜு’ என்று விற்பது பெரும்பாலும் புளூரோட்டஸ் பல்மோனேரியஸ். அசல் சஜோர்-காஜு லென்டினஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஏபிகே 1 மாதிரியான ரக எண்ணைப் போட்டால் விவசாயிக்கு அது போதும், எது வளர்கிறது என்று தெரியும். அதை விட்டுவிட்டு செல்லாத லத்தீனைப் பெருமைக்காகப் போடுகிறார்கள். இன்னொன்று, வைவா முடிந்த மறுவாரம் மாதிரி உறைகளைக் குப்பையில் போடும் துறைகள். கட்டுரை மட்டும் மிஞ்சும், அதில் உள்ள பெயரைச் சரிபார்க்க எதுவும் இருக்காது.

உங்கள் மாதிரிக்கு அந்தக் கதி வேண்டாம். பாதியைப் பூனே அகார்கர் நிறுவனத்தின் அஜ்ரேகர் மாதிரியகத்துக்கோ டெல்லியின் எச்சிஐஓ பூஞ்சை மாதிரியகத்துக்கோ, புதைபடிவம் என்றால் லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கோ எழுதிக் கேட்டு அனுப்பி, சேர்க்கை எண் வாங்கிவிடுங்கள். உறையின் மேல் எழுத்து பென்சிலில் இருக்கட்டும், பால்பாயின்ட் மை நாப்தலின் உருண்டையோடு இருந்தால் ஓடிவிடும்.