கை உயர்த்திய 11 பேர் எங்கே?

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையில் எங்கள் சபையின் வாலிபர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். நத்தார் நிகழ்ச்சிக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து (நெருக்கமான குடியிருப்புகள்) 13 முதல் 17 வயது வரை 25 பிள்ளைகள் வந்தார்கள். பாட்டு, விளையாட்டு, பிரியாணிப் பார்சல் என்று நன்றாகவே நடந்தது. முடிவில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்தச் சொன்னோம். 11 பேர் உயர்த்தினார்கள். இப்போது சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவது 4 பேர். போன வாரம் ஒரு இந்துத் தாய் வாசலில் நின்று, "சாப்பாட்டக் குடுத்து என்ட பிள்ளைய வேதத்துக்கு மாத்தப் பாக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார். எங்கே பிழைத்தது?

ஒரு வாசகர், கொழும்பு 13

அன்புள்ள சகோதரருக்கு,

அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. பார்சலும் அழைப்பும் ஒரே மாலையில் வந்தால், எதற்காகக் கை உயர்ந்தது என்று பிள்ளைக்கே தெரியாது. 15 வயதில் பக்கத்திலிருக்கும் கூட்டாளியின் கை போதகரின் குரலைவிடப் பலமானது. முதல் வரிசையில் ஒருவன் உயர்த்தினால் நாலு பேர் உயர்த்துவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எவன் அதைப் பற்றிப் பேசுவான்? ஆகவே முதலில் அந்த அழைப்பை நிறுத்துங்கள். கொப்பி, பை, உலர் உணவு கொடுப்பதாக இருந்தால் வேறு நாளில், வேறு ஆட்கள் மூலம், கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் கொடுங்கள். கூட்டத்தில் பிளேன்டியும் பணிசும் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. 14ஆம் உறுப்புரை அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஆனால் மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாகாது என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் பிள்ளைகளோ 18 வயதுக்குக் கீழே. பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள். ஞானஸ்நானப் பேச்சையே எடுக்காதீர்கள். ஒளித்துச் செய்த காரியம் தோட்டத்துக்குள் ஒரே இரவில் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

நேரத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். டியூஷன் நேர அட்டவணையைப் பிள்ளைகளிடம் எழுதி வாங்குங்கள். 10, 11ஆம் தரக்காரருக்குச் சனி முழுக்க வகுப்பு இருக்கும்; அவர்கள் வராமல் போனதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். கூட்டம் மொத்தம் 75 நிமிடம். கெரம் போர்ட்டும் தேத்தண்ணியும் 20 நிமிடம், வாசிப்பும் பேச்சும் 45 நிமிடம், மிச்சம் பெயர் சொல்லி ஒரு சின்ன ஜெபம். 8 பேருக்கு 2 பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. குழுவில் பெரியவர்கள் இருவரும் இருக்க வேண்டும்.

இனி, என்ன சொல்வது என்பது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இயேசுவின் பெயர் புதிதல்ல. அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதுதான் தெரியாது. அதற்கு மாற்கு சுவிசேஷம் போதும். வாரத்துக்கு ஒரு சம்பவம், 12 முதல் 20 வசனம். வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் இரட்டைப் பத்தியும் பொடி எழுத்தும் மிரட்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். சிங்கள, ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிற பிள்ளை தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். வரிசையாக எல்லாரையும் வாசிக்க வைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. விரும்புகிறவர் வாசிக்கட்டும்.

நம் சபைத் தமிழும் பெரிய தடை. "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். "அடப்பாவி" என்றால் ஏச்சு. "நாம் எல்லாரும் பாவிகள்" என்று நீங்கள் தொடங்கும்போது பிள்ளை காதில் விழுவது இந்த இரண்டில் ஒன்றுதான். விசுவாசம் என்றால் நாய்க்கு எசமானிடம் இருப்பது. இந்தச் சொற்களை முதலில் விளக்கப் போகாதீர்கள், சம்பவம் விளக்கட்டும்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத ஒருவனை 4 பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் சனம். மேலே ஏறிக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே வளரும் பிள்ளை உடனே கேட்கும்: "வீட்டுக்காரர் ஏசலியா? கூரைய யார் திருப்பிப் போட்டது?" கேட்க விடுங்கள், அந்த வீட்டுக்குள் பிள்ளை போய்விட்டது என்று அர்த்தம். பிறகு நீங்கள் இரண்டே கேள்வி கேளுங்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? தூக்கி வந்தவர்களுடையதை என்று 5ஆம் வசனத்தில் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விசுவாசம் என்றால் என்னவென்று அந்த நாலு பேரின் தோள் காட்டிவிட்டது. அடுத்தது, கால் வழங்காதவனிடம் முதலில் மன்னிப்பைப் பற்றி ஏன் பேசினார்? இதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

4ஆம் அதிகாரப் புயலுக்கு வரும்போது கவனம். நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று படகில் தூங்கும் இயேசுவிடம் சீஷர் கத்துகிறார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையில் குண்டு வெடித்த சத்தம் கேட்ட தெருக்கள் உங்களுடையவை. அந்தக் கேள்வி உங்கள் அறையில் எழும்: "அன்டைக்கு ஏன் சும்மா இருந்தார்?" கடவுளின் திட்டம், சோதனை என்று எதையும் சொல்லி மூடாதீர்கள். அந்தப் புயல் அடங்கியது, இது அடங்கவில்லை. பிள்ளைக்கு அது தெரியும். தெரியவில்லை என்று சொல்லுங்கள். பிறகு 15ஆம் அதிகாரம் 34ஆம் வசனத்தை வாசியுங்கள்: ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் அவரே கேட்கிறார். அதோடு பேச்சை நிறுத்தி, 2 நிமிடம் சும்மா இருங்கள். கிறிஸ்தவர்களாகிய நம்மிடம் இதைவிட உண்மையான பதில் கிடையாது என்றே நம்புகிறேன்.

அம்மனையோ முருகனையோ ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் இதெல்லாம் வீண். பிள்ளை தன் தாயை ஏசியதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தாயிடம் இந்த வாரமே போங்கள், சபையின் மூத்த பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. பார்சல் கொடுத்த விதம் பிழை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வாசிக்கப்போகும் தாள்களைக் கையில் கொடுத்து, விரும்பினால் வந்து பின்னால் உட்காரலாம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் சம்மதிக்கும் வரை பிள்ளையைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். தெருவில் கண்டால் முன்போலவே பெயர் சொல்லிப் பேசுங்கள்.