இடி அமீன் வேடம்: கத்தலைக் குறைத்தால் பயம் வரும்

கேள்வி: நாங்கள் மதுரையில் ஒரு சிறிய நாடக, குறும்படக் குழு. 1972-இல் உகாண்டாவிலிருந்து ஆசியர்கள் (பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர்) வெளியேற்றப்பட்டதை வைத்து 40 நிமிடப் படம் எடுக்கப் போகிறோம். அவர்களை வெளியேற்றிய உகாண்டா சர்வாதிகாரி இடி அமீன் வேடத்துக்கு எங்கள் குழுவிலேயே உயரமான ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒத்திகையில் கண்ணை உருட்டிக் கத்துகிறார். பயம் வரவில்லை, பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வருகிறது. என்ன செய்யலாம்? கொலை, சித்திரவதையை எவ்வளவு காட்டலாம்? அமீனை மனிதனாகக் காட்டினால் அவரை நியாயப்படுத்தியதாக ஆகிவிடாதா?

பதில்:

முதலில் அந்தக் கத்தலை நிறுத்தச் சொல்லுங்கள். அமீனிடம் மக்கள் முதலில் கண்டது கொடூரத்தை அல்ல, கலகலப்பை. 1971 ஜனவரி 25-இல் அவர் ராணுவப் புரட்சி செய்து மில்டன் ஒபோட்டேயின் ஆட்சியைக் கவிழ்த்தபோது தலைநகர் கம்பாலாவின் தெருக்களில் மக்கள் ஆடிப் பாடினார்கள். ஒபோட்டே சிறையில் வைத்திருந்த அரசியல் கைதிகளை அமீன் விடுவித்தார். லண்டனில் இறந்துபோன, உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா என்ற அரசின் மன்னர் இரண்டாம் முட்டேசாவின் உடலைக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுக்குப் போய் ராணியோடு விருந்து சாப்பிட்டார். அந்த மாதங்களிலேயே ராணுவ முகாம்களுக்குள் அச்சோலி, லாங்கோ இன வீரர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருந்தன. உங்கள் நடிகர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டார், அதனால்தான் பயம் வரவில்லை.

பார்பெட் ஷ்ரோடர் 1974-இல் அமீனையே வைத்து எடுத்த ஆவணப்படத்தைக் குழுவோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் அமீன் அக்கார்டியன் வாசிக்கிறார், நீச்சல் போட்டியில் மற்றவர்கள் பாதையில் குறுக்கே புகுந்து ஜெயிக்கிறார், விழுந்து விழுந்து சிரிக்கிறார். அப்புறம் அமைச்சரவைக் கூட்டம் வரும். அமீன் உபதேசம் செய்துகொண்டே போகிறார், குரல் பெரிதாக உயரவில்லை. கேமரா மெல்ல அமைச்சர்கள் பக்கம் திரும்புகிறது. அவர்கள் தலையைக் குனிந்து குறிப்பெடுக்கிறார்கள். அங்கே கண்டிக்கப்பட்ட வெளியுறவு அமைச்சர் இரண்டு வாரத்தில் நைல் நதியில் பிணமாகக் கிடந்தார் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த முகங்களை மறக்க முடியாது.

உங்கள் ஒத்திகையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பயம் கொடுங்கோலனாக நடிப்பவரின் முகத்தில் இருப்பதில்லை, சுற்றி நிற்பவர்களின் உடம்பில் இருக்கிறது. ஆறேழு பேரை மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். அமீனாக நடிப்பவர் ஊர்க் கதை ஒன்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லட்டும். மற்றவர்களுக்கு ஒரே வேலை: எப்போது சிரிக்கத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் இருப்பது. முதலில் சிரித்தவன் தப்பு செய்துவிட்டானா, கடைசியாகச் சிரிப்பதை நிறுத்தியவன் தப்பு செய்துவிட்டானா? அமீன் சிரிப்பை விட்டுவிட்டு ஒருவரையே பார்க்கட்டும். மிரட்ட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும். இந்தப் பயிற்சி சரியாக வந்துவிட்டால் உங்கள் படத்தில் பாதி வேலை முடிந்தது. அமீனுக்கு எழுதியிருக்கும் வசனத்தில் கணிசமான பகுதியை வெட்டிவிடலாம் என்பதும் அப்போது தெரியும்.

உடல்மொழிக்கு அமீனின் பழைய வாழ்க்கையைப் பிடியுங்கள். பிரிட்டிஷாரின் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் படையில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தவர். 1951 முதல் 1960 வரை உகாண்டாவின் லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். குத்துச்சண்டைக்காரன் தோளை விறைப்பாக வைத்துக்கொள்ள மாட்டான், தோள் தளர்ந்திருக்கும், கால் எப்போதும் தயாராக இருக்கும். எதிராளிக்கும் தனக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டே இருப்பான். எல்லாரிடமும் ஒரு கை தூரம் கூடுதலாக நெருங்கி நின்று அன்பாகப் பேசும்படி உங்கள் நடிகரிடம் சொல்லுங்கள். அந்த நெருக்கமே போதும்.

ஃபாரஸ்ட் விட்டேக்கர் ‘தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து’ (2006) படத்தில் அமீனாக நடித்துச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அதற்காக சுவாஹிலி கற்றார், அக்கார்டியன் கற்றார், உகாண்டாவுக்குப் போய் அமீனின் உறவினர்களையும் அவரை அறிந்தவர்களையும் சந்தித்துப் பேசினார். அமீன் தன்னைப் பற்றி என்ன நம்பினார் என்பதைத் தேடியதுதான் அந்த உழைப்பின் பலன். எந்தக் கொடுங்கோலனும் தன்னை வில்லன் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுவதில்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள், தன்னைக் கேலி செய்கிறார்கள், நாட்டைத் தான் மட்டும்தான் காப்பாற்ற முடியும் என்றுதான் அவன் நினைக்கிறான். உங்கள் நடிகர் இதை நம்பி நடிக்கட்டும், படம் நம்ப வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கும் இதுதான் பதில். அமீனை மனிதனாகக் காட்டுவதால் அவர் நியாயமாகிவிட மாட்டார். பாதிக்கப்பட்டவர்களை முகமில்லாமல் காட்டும்போதுதான் அது நடக்கிறது.

விட்டேக்கர் நடித்த அந்தப் படத்தின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கதையின் நடுவில் நிற்பவர் கற்பனையான ஸ்காட்லாந்து டாக்டர். கடைசியில் மார்பில் கொக்கி மாட்டித் தொங்கவிடப்படுபவரும் அவர்தான். உகாண்டாக்காரர்கள் செத்தது பெரும்பாலும் பின்னணியில். நீங்களும் கவனமாக இருங்கள். 1972 ஆகஸ்டில் 90 நாள் கெடு வைத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியர்கள் துரத்தப்பட்டது பெரிய கொடுமை. ஆனால் அமீன் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின உகாண்டா மக்கள். உங்கள் கதையில் பெயரும் வேலையும் குடும்பமும் உள்ள உகாண்டாக்காரர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும்.

இதையொட்டி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நடிகருக்குக் கரி பூசப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். கறுப்பர்களைக் கேலிப் பொருளாக்க உலகம் முழுவதும் பயன்பட்ட வேலை அது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் படம் பார்க்கும் ஆப்பிரிக்கருக்கு அவமானம்தான் மிஞ்சும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள், அவர்களில் நடிக்க விரும்புகிறவரைத் தேடுங்கள். அது முடியாவிட்டால் அமீனைத் திரையில் காட்டாமலே வானொலிக் குரலாகவும், கதவுக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பாகவும் வையுங்கள். 40 நிமிடப் படத்துக்கு அது கூடுதல் பலம்.

மொழியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பாலாவில் மக்களின் பேச்சு லுகாண்டா. சுவாஹிலி ராணுவத்தின் மொழி. அமீன் திடீரென்று சுவாஹிலிக்கு மாறினால் அறையே உறைந்துபோகும்படி காட்சி வையுங்கள். தமிழில் டப்பிங் செய்தால் கொச்சையான, தடுமாறும் தமிழ் கொடுத்து அவரைக் கோமாளியாக்காதீர்கள்.

இனி வன்முறை. முதல் வேலை, வதந்திகளை வடிகட்டுவது. மனித மாமிசம் தின்றார் என்ற கதை நிரூபிக்கப்படாதது, அதை விட்டுவிடுங்கள். அவர் மனைவியாக இருந்த கேயின் உடல் 1974-இல் துண்டிக்கப்பட்ட நிலையில் ஒரு காரில் கிடைத்தது உண்மை. கருக்கலைப்பின்போது இறந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். விட்டேக்கர் நடித்த படம் அதை அமீன் கொடுத்த தண்டனையாக்கி, கைகால்களை இடம்மாற்றித் தைத்த உடலாகக் காட்டியது. இப்படிப்பட்ட காட்சி அமீனை ஒரு கோரப் பிராணியாக்கிவிடுகிறது. ஆனால் நடந்தது ஒரு அரசாங்கம் செய்த கொலைகள். கோப்பு, கையெழுத்து, கார், ஸ்டேட் ரிசர்ச் பீரோ என்ற ரகசியப் போலீஸ் அலுவலகம், அதற்குச் சம்பளம் வாங்கிய ஆட்கள் எல்லாம் இருந்தன. தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவனூகாவை 1972 செப்டம்பரில் நீதிமன்றத்திலிருந்தே இழுத்துச் சென்றார்கள். பேராயர் ஜனானி லுவூம் 1977 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். கார் விபத்தில் இறந்தார் என்று அரசு அறிவித்தது. உடலைப் பார்த்தவர்கள் குண்டுக் காயங்களைக் கண்டார்கள். இதில் எதைப் படமாக்குவீர்கள்? நானாக இருந்தால் சுடுவதைக் காட்ட மாட்டேன். “விபத்து” என்று எழுதிய தாளை வானொலி அறிவிப்பாளர் வாசிப்பதற்கு முன் ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்ப்பதைக் காட்டுவேன். உகாண்டா ஒளிபரப்புக் கழகத்தில் அமீன் காலத்துப் புகைப்பட நெகட்டிவ்கள் பல்லாயிரக்கணக்கில் பிற்காலத்தில் கிடைத்தன. விழாக்கள், உரைகள், விருந்துகள் இருக்கின்றன, சித்திரவதை இல்லை. அந்த அரசு எதைப் படமெடுத்தது, எதை மறைத்தது என்பதையே உங்கள் படத்தின் காட்சி முறையாக வைத்துக்கொள்ளலாம்.

முழுவதும் தவிர்க்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு அடி திரையில் விழட்டும், அதன் வலி அடுத்த காட்சியிலும் தொடரட்டும்: வீங்கிய உதடு, தம்ளரைப் பிடிக்க முடியாத விரல். பத்து அடிகளைக் காட்டினால் மூன்றாவதிலேயே பார்ப்பவர் மரத்துப்போவார்.

அந்த ஒரு அடியையும் பாதுகாப்பாக எடுங்கள். முடிந்தால் ஸ்டன்ட் மாஸ்டர் ஒருவரை ஒருநாளாவது அழையுங்கள். அறைவது என்றால் கை முகத்தைத் தொடவே கூடாது. அடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் கேமரா இருந்தால் இடைவெளி தெரியாது. ஒலியைப் பிறகு சேர்க்கலாம். கழுத்தை நெரிக்கும் காட்சியில் கை காறை எலும்பின் மேல் படியட்டும், தொண்டையில் அழுத்தம் கூடாது. திமிறுவதை நடத்துபவர் நெரிக்கப்படுபவராகவே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பாதி வேகத்தில் பலமுறை ஒத்திகை பாருங்கள். நிறுத்து என்பதற்கு ஒரு சைகை வையுங்கள், யார் காட்டினாலும் அந்த நொடியே டேக் நிற்க வேண்டும். துப்பாக்கி என்றால் ரப்பர் டம்மி மட்டும். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். அங்கே துறைசார்ந்த ஆட்கள் இருந்தும் அது நடந்தது.

சித்திரவதைக்கு உள்ளாகிறவராக நடிப்பவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அமீனாக நடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும், இவருக்கு உடம்புவலியும் கெட்ட கனவும்தான். கட்டிவைக்கும் காட்சியை நாளின் கடைசியில், களைத்த நேரத்தில் வைக்காதீர்கள். முடிந்ததும் இருவரும் உடையை மாற்றிக்கொண்டு, சொந்தப் பெயரில் பேசிக்கொண்டு, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

படத்தின் முடிவில் எழுத்துக் கார்டு போடுவதாக இருந்தால் ஒற்றை எண்ணைப் போடாதீர்கள். கொல்லப்பட்டவர்களின் மதிப்பீடு 80,000 முதல் 3,00,000-க்கும் மேல் வரை போகிறது, அந்த வீச்சையே போடுங்கள். அமீன் 1979 ஏப்ரலில் ஆட்சியை இழந்து ஓடினார், எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை, 2003 ஆகஸ்ட் 16-இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் இறந்தார் என்பது இரண்டாவது கார்டு.