புரோட்டாக் கல்லும் 74 நாட்களும்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 31. கல்யாணமாகி நாலு வருஷம். இன்னும் குழந்தை தங்கவில்லை. ஸ்கேன், தைராய்டு, குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். போன மாதம் ஒரு தனியார் சென்டரில் ஏஎம்எச் பார்த்துவிட்டு, "0.9தான் இருக்கு, முட்டை தீர்ந்துகொண்டே வருது, சீக்கிரம் டெஸ்ட் டியூப் முறைக்கு வாங்க" என்றார்கள். வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னார்கள். அவர் வர மாட்டேன் என்கிறார். அவருக்கு 35 வயது, ரோட்டோர ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். "என் பிள்ளைக்கு என்ன குறை" என்று அத்தையும் கேட்கிறார். நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போகலாமா? அமெரிக்காவில் தோலில் இருந்தே கருமுட்டை செய்துவிட்டார்களாமே, அது வரும்வரை காத்திருக்கலாமா?
- பெயர் வேண்டாம், திருமங்கலம் பக்கம்

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான்கு பரிசோதனை எழுதியிருக்கிறாய். நாலும் உன் உடம்பில் எடுத்தது. பிள்ளைக்கு இரண்டு பேர் வேண்டும். இன்னொருவரிடமிருந்து ஒரு சொட்டுகூட யாரும் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் நகைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வைக்காதே. உன் வீட்டுக்காரரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வரும்வரை பீரோவைத் திறக்க வேண்டாம்.

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம், சிலரிடம் பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்து. ஆனாலும் நம் ஊர்ப் பக்கம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பது பெண்ணைத்தான். வளைகாப்பு வீட்டில் பின்வரிசைக்குப் போவதும் அவள்தான். என் சொந்த அக்கா எட்டு வருஷம் மாத்திரை விழுங்கினாள். கும்பிடாத கோயில் இல்லை. அத்தானுக்குப் பரிசோதனை எடுத்தது ஒன்பதாவது வருஷம். காரணம் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. அந்த எட்டு வருஷத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. உனக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அந்த 0.9ஐப் பார்ப்போம். ஏஎம்எச் என்பது கருப்பையின் இருபக்கமும் உள்ள சூலகத்தில், வளரத் தொடங்கிய சிறு முட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோன். பானையில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். அரிசி நல்லதா, சோறு பதமாக வருமா என்று சொல்லாது. ஊசி போட்டு முட்டை எடுக்கும்போது எத்தனை கிடைக்கும் என்று கணிக்க டாக்டருக்கு அது உதவும். இயற்கையாகக் குழந்தை தங்குமா என்பதற்கு அது அளவுகோல் அல்ல. 2017ல் அமெரிக்காவில் 30 முதல் 44 வயதுள்ள சுமார் 750 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏஎம்எச் 0.7க்கும் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் கருத்தரித்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தப் பெண்கள் அப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கியவர்கள், உன்னைப் போல நாலு வருஷம் காத்திருந்தவர்கள் இல்லை. ஆகவே சும்மா இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. "முட்டை தீர்ந்துபோச்சு" என்ற சொல்லைக் கேட்டு ராத்திரி தூக்கம் கெட வேண்டாம் என்பதுதான் அர்த்தம்.

முட்டையின் எண்ணிக்கையைவிட அதன் வயதுதான் பெரிய விஷயம். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோதே உன் முட்டைகள் எல்லாம் உருவாகிவிட்டன. ஐந்தாம் மாதக் கருவில் 60, 70 லட்சம்; பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம்; வயசுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருவது 400 சொச்சம்தான். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகக் கட்டுண்டு காத்திருக்கின்றன. கட்டி வைத்திருக்கும் கயிறு கோஹீசின் என்ற புரதம். எலிகளில் பார்த்தபோது, முதலில் கட்டிய அந்தக் கயிறுதான் கடைசிவரை. புதுக்கயிறு போடுவதாகத் தெரியவில்லை. வருஷம் ஏற ஏற இழை தளரும், ஜோடி தப்பாகப் பிரியும். நாற்பதை நெருங்கும்போது கரு தங்காமல் போவதும் கலைவதும் கூடுவதற்கு இது முக்கியமான காரணம். 31 வயதில் அந்தக் கயிறு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 35 தாண்டியிருந்தால் உனக்கு வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனி உன் வீட்டுக்காரர் விஷயம். அவர் வேலையை நீ ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லைப் பற்ற வைத்தால் நடுராத்திரிவரை அதன் முன்னால்தான் நிற்பார், இல்லையா? அடுப்பு இடுப்புக்கு நேராக இருக்கும். நெருப்புக்கும் அவர் லுங்கிக்கும் நடுவில் ஒரு தகரம். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவது சும்மா இல்லை. விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட இரண்டிலிருந்து நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, சூட்டில் நெடுநாள் நின்றவர்களில் குழந்தை தங்கச் சிரமப்பட்டதாகச் சொன்னவர்கள் அதிகம். அவருக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கல்லுக்கு முன் நின்றபடியே நாலு பிள்ளை பெற்றவர்களும் மதுரையில் இருக்கிறார்கள். பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சூடு உள்ளே என்ன செய்கிறது? சௌராஷ்டிரப் பெண்கள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பாய். ஆறு கஜத் துணி, ஆயிரக்கணக்கான முடிச்சு விழுந்து முடிக்கும்போது சுருங்கி ஒரு கைக்குள் வந்துவிடும். விந்தணுவின் தலைக்குள் நடப்பதும் அதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ, புரோட்டமின் என்ற புரதத்தால் முடிச்சு முடிச்சாக இறுக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு நீளத் தலைக்குள் அடங்குகிறது. சூடு, புகையிலை, விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்வது, இவையெல்லாம் அந்த முடிச்சைத் தளர்த்தி, நூலையே அறுத்துவிடும். முதிர்ந்த விந்தணுவுக்கு அறுந்ததைத் தைத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. உடம்பைச் சின்னதாக்கிக்கொள்ள எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் அது புறப்படுகிறது. ஓரளவு சேதத்தைக் கரு உருவானதும் முட்டைதான் சரிசெய்கிறது. அங்கேயும் பாரம் பெண் தலையில்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், உன் முட்டையைப் போல இல்லாமல் விந்தணு தினமும் புதிதாக உருவாகிறது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் மாதிரியில் இருப்பவை எல்லாம் இன்றைக்குப் பிறக்காதவை. அவரைக் கல்லில் இருந்து மாவு மேஜைக்கு மூன்று மாதம் மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்க முடியுமா என்று பாருங்கள். உருண்டை பிடிப்பதும் வீசுவதும் அதே தொழில்தானே, சம்பளமும் போகாது. வாயில் புகையிலை வைக்கும் பழக்கமோ பீடி, சிகரெட்டோ இருந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். "விந்தணுவைப் பெருக்கும்" என்று விற்கும் டப்பாக்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும் ஆண்களுக்குக் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2020ல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 சதவீதத்துக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது. ஃபோலிக் ஆசிட் உனக்கு வேண்டும், அது வேறு விஷயம். பிள்ளையின் முதுகுத்தண்டுக்காக நீ இப்போதிருந்தே தினமும் சாப்பிடலாம்.

ஆய்வகத்தில் 27 வருஷம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள் நான். என்ன நடக்கும் என்று அவரிடம் சொல்: ஒரு பிளாஸ்டிக் குப்பி, ஒரு தனி அறை. கொண்டுவரும்போது கூழாக இருக்கும், அரை மணி நேரத்தில் நீர்த்துவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், முதல் மழைக்கு நிறைந்த கண்மாயில் தலைப்பிரட்டைகள் துள்ளுகிற மாதிரி இருக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணுவோம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் தந்த கணக்குப்படி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் இருந்து, அதில் 42 சதவீதம் அசைந்தால் கீழ்மட்ட அளவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நூற்றுக்கு நாலு சரியான வடிவத்தில் இருந்தாலே போதும். "96 கோணல்" என்று படித்துவிட்டு உடைந்து அழுத ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு அந்த ரிப்போர்ட் நார்மல்தான்.

இரண்டு நாளிலிருந்து ஏழு நாள்வரை இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஐஸ் வைத்துக் கொண்டுவராதீர்கள். முந்தின இரண்டு, மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முதல் ரிப்போர்ட் குறைவாக வந்தால் அதை வைத்தே முடிவு கட்டாமல் இன்னொரு முறை எடுக்க வேண்டும். செலவை நினைத்து யோசித்தால், மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒரு மணி. உடம்பெல்லாம் எண்ணெய்ப் புகை, களைப்பு. நீ தூங்கியிருப்பாய். மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ளது முட்டை வெளிவரும் நாளையும் சேர்த்து ஆறு நாள்தான். முட்டை ஒரு நாள்கூடத் தாங்காது. விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். உனக்கு 28 நாள் கணக்கு என்றால், பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாள்வரை ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். அந்த வாரத்தில் அவருக்கு விடுப்பு கிடைக்குமா என்று பார்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக வந்தும் குழந்தை தங்காதவர்கள் உண்டு. இப்போதைய ஆராய்ச்சி அங்கேதான் கண்ணைத் திறந்துவிடுகிறது. விந்தணுவின் வாலில் கேட்ஸ்பெர் என்று ஒரு கால்சியக் கதவு இருக்கிறது. 2001ல் கண்டுபிடித்தார்கள். முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் புரோஜெஸ்ட்ரான் பட்டதும் அது திறந்து, வால் சாட்டை மாதிரி வீசத் தொடங்கும் என்று 2011ல் தெரிந்தது. அந்தக் கதவு வேலை செய்யாத ஆண்களுக்கு எண்ணிக்கையும் அசைவும் சரியாகவே இருக்கலாம். முட்டையைத்தான் துளைக்க முடியாது. துளைத்த பிறகும் இரண்டும் ஒட்ட வேண்டும். விந்தணுவில் ஒட்டும் புரதத்தை 2005ல் ஜப்பானில் கண்டுபிடித்து, கல்யாண வரத்துக்குப் பேர்போன கோயிலின் பெயரால் இசுமோ என்றார்கள். முட்டையில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் 2014ல் இங்கிலாந்தில் கிடைத்தது; அதற்கு ரோமானியக் கல்யாணத் தெய்வம் ஜூனோவின் பெயர். மதுரையில் கண்டுபிடித்திருந்தால் மீனாட்சி, சொக்கர் என்றுதான் வைத்திருப்போம். உனக்கு இதில் உள்ள பயன் இதுதான்: கதவு திறக்காவிட்டாலும், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் இக்ஸி முறை 1992 முதல் இருக்கிறது. காரணம் தெரிந்துகொண்டு போனால் செலவழிக்கும் காசுக்கு அர்த்தம் இருக்கும்.

தோலில் இருந்து முட்டை செய்த செய்தி உண்மைதான். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஓரிகான் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். தோல் செல்லின் உட்கருவை, தன் உட்கரு எடுக்கப்பட்ட முட்டைக்குள் வைத்து, குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்க வைத்தார்கள். 82 முட்டை உருவானது. விந்தணு சேர்த்ததில் நூற்றுக்கு ஒன்பதுதான் ஆறாம் நாள் நிலைவரை வளர்ந்தது. அவற்றிலும் குரோமோசோம் கணக்கு சரியாக இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மனிதர்களிடம் முயலவே குறைந்தது பத்து வருஷம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். பத்து வருஷத்தில் உனக்கு 41. காத்திருக்காதே. உன்னிடம் இருக்கும் முட்டை அதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதுதான் உன் உண்மையான சிரமம் என்று நினைக்கிறேன். "உங்களுக்குக் குறை இருக்கா பார்ப்போம்" என்று தொடங்காதே. அத்தை இருக்கும்போதும் வேண்டாம். அவர் லீவு நாளில், சாப்பிட்ட பிறகு, "எனக்கு நாலு டெஸ்ட் எடுத்தாச்சு, உங்களுக்கு ஒண்ணு எடுத்தா நகையை வைக்காமலே முடியலாம்" என்று சொல். அது பொய்யும் இல்லை. வர ஒப்புக்கொண்டால் நீயும் கூடப் போ. அந்த அறைக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பது ஆண்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தை வெட்டி அவர் கையில் கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே.

ரிப்போர்ட் நார்மலாக வந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் இருவருமாக ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். குறைவாக வந்தால் அந்த எண்களை அப்படியே எனக்கு எழுது. விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தால் பயந்து ஒளியாமல், ஒய் குரோமோசோம் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல். பதில் கடிதத்தை இந்த மாதமே எதிர்பார்க்கிறேன்.