வீட்டுப் பத்திரத்துக்கு முன் கலந்தாய்வு

கேள்வி: குடியாத்தத்தில் நான் கைத்தறி நெசவு செய்கிறேன்; மனைவி பீடி சுற்றுகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நேரடியாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி என்கிறது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தள்ளுபடியால் நீங்கள் இழப்பது எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத இடங்கள் 2021 முதல் ஒதுக்கப்படுகின்றன. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுக் கலந்தாய்வில்தான் இடம் கிடைத்தது என்றாலும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையெனில், முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியில் நேரடியாக, அதாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இவ்விரண்டும் கிடையாது. அந்த 40 சதவீதம் நான்காண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வாய்மொழியாகத்தான் வரும். கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் வேலூர் பாகாயத்து அரசுப் பொறியியல் கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பலர் கோட்டைவிடுவது மனைவியின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைத்தான்: வருமான வரம்புக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை மத்தியத் தொழிலாளர் நலத்துறை தருகிறது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் மட்டும் கல்விக்கடன் வாங்குங்கள். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் (கல்லூரிக்கான தேசியத் தரமதிப்பீடு) தரச்சான்றோ என்.பி.ஏ. (தொழிற்படிப்புக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. ஆனால் அதற்கு வருமானச் சான்றிதழ் கட்டாயம். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவே அனுப்புங்கள். பதிவு எண் கையில் இருந்தால், "இப்போது கடன் தருவதில்லை" என்று கிளையில் சொல்லித் திருப்பி அனுப்புவது எளிதல்ல.

வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிப்படியாக நகர நாள்கள் ஆகும். அதற்குள், மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் மகளின் முன்னெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்துள்ளதா என்று சரிபாருங்கள். உதவித்தொகை ஒப்புதலான பிறகும் பணம் கணக்குக்கு வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.