கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் வலிப்பா?

கேள்வி: என் 7 வயது மகன் இரண்டு மாதமாக அடிக்கடி கண்ணை இறுக்கிச் சிமிட்டுகிறான், தோளை வெடுக்கென்று தூக்குகிறான். ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) நார்மல். வலிப்பாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘டிக்’ என்ற அசைவுக் கோளாறுதான். ஈஈஜி நார்மல் என்பதால் இதைச் சொல்லவில்லை. அரை மணி நேரப் பதிவில் வலிப்புள்ள பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலிப்பே வராத சில பிள்ளைகளின் பதிவிலும் மாறுதல் தெரிவதுண்டு. அசைவு வரும் அந்த நேரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிக் வரும்போது பேச்சும் விளையாட்டும் நிற்காது. கேட்டுக்கொண்டால் சற்று நேரம் அடக்கிக் காட்டுவான். பிறகு சேர்த்துவைத்து வரும். களைப்பு, பதற்றம், “செய்யாதே” என்ற அதட்டல் எல்லாம் அதைக் கூட்டும். சில வாரங்களில் கண்ணை விட்டு மூக்குக்கோ கழுத்துக்கோ இடம் மாறலாம்.

வலிப்பை அடக்க முடியாது. கூப்பிட்டாலும் தொட்டாலும் நிற்காது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், தூக்கத்திலும் வரலாம். இமைத் துடிப்பில்தான் குழப்பம் அதிகம்: பேச்சு பாதியில் அறுந்து, பத்து விநாடி வெறித்துப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது ‘ஆப்சென்ஸ்’ வலிப்பாக இருக்கலாம். மருத்துவர் மூன்று நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னால் பெரும்பாலும் அவர் முன்னாலேயே வந்துவிடும்.

நினைவு இருந்தால் வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முழு நினைவோடு ஒரு கை மட்டும் துடிக்கும் வலிப்பும் உண்டு. வலிப்பு மாத்திரையில் குணமானதால் வலிப்புதான் என்பதும் சரியல்ல. சட்டென எழுந்து ஓடும்போது சில விநாடி கைகால் முறுக்கிக்கொள்ளும் ஓர் அசைவுக் கோளாறு, ‘கார்பமசெபின்’ என்ற வலிப்பு மாத்திரையின் குறைந்த அளவிலேயே அடங்கும்.

செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் கைகால்களும் தெரியட்டும், போர்வை வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். அசைவு நின்ற பிறகும் ஒரு நிமிடம் தொடர்ந்து எடுங்கள். அதைக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். டிக்தான் என்று உறுதியானால், அது வலியோ தொந்தரவோ தராதவரை மருந்து தேவைப்படாது.

நினைவு தப்பினாலோ, கீழே விழுந்தாலோ, தூக்கத்தில் வந்தாலோ, கற்றது மறந்துபோனாலோ தள்ளிப்போடக் கூடாது. துடிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை, தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து கைகளை வெடுக்கென்று விரித்து, சில விநாடி இடைவெளியில் வரிசையாக அப்படியே செய்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.